கை வைத்தால் நிற்கும் சக்கரம்: 24 வோல்ட் டிசி மோட்டாரை அடிவேகத்தில் நிற்காமல் ஓட வைப்பது

மின்சாரத்தில் ஓடும் குயவர் சக்கரம் ஒன்று. மேல்வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெடலை முழுக்க மிதித்தால் தட்டு நிமிடத்துக்கு 220 சுற்று ஓடுகிறது. எட்டுக் கிலோ மண்ணை இரு கையாலும் அழுத்தி மையம் பிடித்தாலும் தாங்குகிறது. பெரிய தொட்டியின் வாயை விரிப்பதற்காக 40 சுற்றுக்கு இறக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது. மண்ணில் கை பட்டதும் தட்டு நின்றுவிடுகிறது. கையை எடுத்தால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. மோட்டாருக்கு வலு போதவில்லை என்று முடிவு கட்டி மோட்டாரையே ஒருமுறை மாற்றியாயிற்று. புது மோட்டாரும் அதே 40 சுற்றில், அதே மாதிரி நின்றது.

கையால் கோல் போட்டுச் சுழற்றும் பழைய சக்கரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 90 செ.மீ. விட்டம், 40 கிலோ எடை கொண்ட தட்டு என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், கை அழுத்தி 5 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையால் எதிர்த்தாலும் அதன் ஆர்பிஎம் நொடிக்கு 12தான் குறையும். எடையே வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேகம் இறங்குவது கைக்கு முன்கூட்டியே தெரிந்தும்விடும். மோட்டார் சக்கரத்தின் தட்டு மெல்லியது. அதே அழுத்தத்தில் கால் நொடிக்குள் விழ வேண்டிய அளவு விழுந்துவிடும். இங்கே வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியது கண்ட்ரோலர்.

மோட்டார் எம்ஒய்1016. மின்சார ஸ்கூட்டர்களில் வரும் நிலைக்காந்த டிசி மோட்டார்: 24 வோல்ட், 250 வாட், 2650 ஆர்பிஎம், 13.7 ஆம்பியர். மோட்டாரில் 30 மி.மீ. புல்லி, தட்டின் அடியில் 330 மி.மீ. புல்லி, நடுவே பள்ளங்கள் கொண்ட பாலி-வி பெல்ட். விகிதம் 11. ஆக மோட்டார் 2420 ஓடும்போது தட்டு 220. மோட்டார் 440 ஓடும்போது தட்டு 40. இரண்டு புல்லிகளின் மையங்களுக்கு இடையே 300 மி.மீ. விட்டிருப்பதால் சிறிய புல்லியைப் பெல்ட் 120 பாகை அளவுக்குச் சுற்றிப் பிடிக்கிறது. இதைவிடக் கிட்டத்தில் வைத்தால் வழுக்கும். வழுக்கலும் கை வைத்தால் நிற்பதாகத்தான் தெரியும் என்பதால் அதை முதலில் தள்ளிவிட வேண்டும். சிறிய புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தட்டு நிற்கும்போது அந்தக் கோடு சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். இங்கே கோடும் நின்றது. குறை பெல்ட்டில் இல்லை.

40 சுற்றில் வேலை லேசானது என்பது பொதுவான நினைப்பு. கணக்கு வேறு சொல்கிறது. மையம் பிடிக்கும்போது 10 செ.மீ. ஆரத்தில் 50 நியூட்டன் உரசல் என்றால் தட்டுக்குத் தேவை 5 நியூட்டன் மீட்டர். தொட்டியின் வாய் 20 செ.மீ. ஆரத்துக்கு விரிந்திருக்கும்போது 25 நியூட்டன் உரசினாலே அதே 5 வந்துவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. முறுக்குவிசை துளியும் குறையவில்லை.

இரண்டு எண்கள்

டிசி மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது அதற்குள் பிறக்கும் எதிர் வோல்டேஜ். கொடுக்கிற வோல்டேஜிலிருந்து ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் கம்பிச்சுருள்) ரெசிஸ்டன்ஸ் விழுங்குவதைக் கழித்தால் மிச்சம் எதிர் வோல்டேஜ். வேகம் அதற்கு நேர்விகிதம். ஆகவே மோட்டாரைப் பற்றி இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் பெயர்ப்பலகை சொல்லாது, அளந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் எண் ரெசிஸ்டன்ஸ். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் தப்பாக வரும். மீட்டர் வயரே 0.2 ஓம் காட்டும்; பிரஷ்ஷின் தொடுகையோ அவ்வளவு குறைந்த கரண்டில் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். தண்டைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, கரண்ட் கட்டுப்பாடுள்ள சப்ளையிலிருந்து 5 ஆம்பியர் செலுத்தி, மோட்டார் முனையிலேயே வோல்டேஜ் பார்க்க வேண்டும். தண்டைச் சற்றுச் சற்றே திருப்பி ஆறு இடங்களில் எடுத்துச் சராசரி போட வேண்டும். இந்த மோட்டாரில் சராசரி 1.5 வோல்ட், 5ஆல் வகுத்தால் 0.30 ஓம்.

இரண்டாவது, ஆயிரம் சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பது. தண்டை ட்ரில்லில் மாட்டி 1000 ஆர்பிஎம் சுற்றினால் முனையில் 7.5 வோல்ட். இதிலிருந்தே ஒரு ஆம்பியருக்கு 0.0716 நியூட்டன் மீட்டர் என்றும் கிடைத்துவிடும். சுமை இல்லாமல் சக்கரம் ஓடும்போது மோட்டார் லைனில் 1.1 ஆம்பியர். பேரிங், பிரஷ் உரசலுக்கு அவ்வளவு போகிறது.

இனிப் பேப்பரிலேயே சக்கரத்தை ஓட்டிப் பார்க்கலாம். 40 சுற்றில் எதிர் வோல்டேஜ் 3.3. அதோடு 1.1 ஆம்பியருக்கான 0.33ஐச் சேர்த்தால் மோட்டாருக்குக் கொடுக்க வேண்டியது 3.63 வோல்ட். இப்போது தட்டில் 5 நியூட்டன் மீட்டர் சுமை ஏறுகிறது. பெல்ட் இழப்பையும் சேர்த்தால் கரண்ட் 7.8 ஆம்பியர் ஆகிறது. ரெசிஸ்டன்ஸ் விழுங்குவது 2.34 வோல்ட், மிச்சம் 1.29. மோட்டார் 172 ஆர்பிஎம், தட்டு 16 சுற்று.

அதே சுமையை 220 சுற்றில் போட்டால் 18.48 வோல்ட்டில் அதே 2.34 போய் 16.14 மிஞ்சும். தட்டு 196 சுற்று. இரண்டு இடத்திலும் குறைந்தது அதே 24 சுற்றுதான். 220இல் 24 போனால் கைக்குச் சரியாகத் தெரியாது. 40இல் 24 போனால் வேலையே போய்விடும். மோட்டார் இரண்டு வேகத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அடிவேகத்தில் அது வலு குன்றித் தெரிவது கழித்தல் கணக்கின் விளைவு.

ஆனால் கணக்குப்படி தட்டு 16 சுற்றாவது ஓட வேண்டும். இங்கே அடியோடு நிற்கிறது. அப்படியானால் மோட்டாரின் 0.30 ஓமுக்கு மேலே வேறெங்கோ ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது, அல்லது ரெசிஸ்டன்ஸ் போல நடந்துகொள்ளும் ஏதோ ஒன்று.

ரியோஸ்டாட் ஏன் உதவாது

ரெசிஸ்டன்ஸை வரிசையில் போட்டு வேகம் குறைப்பது பழைய வழி. சுமை மாறாத ஃபேனுக்கு அது ஓரளவு சரி. இந்தச் சக்கரத்தில் 40 சுற்று வேண்டுமானால் 1.1 ஆம்பியரில் 20.4 வோல்ட்டைத் தின்ன வேண்டும், அதற்கு 18.5 ஓம் தேவை. அதைப் போட்ட பிறகு தட்டு முழுக்க நின்றாலும் மோட்டாருக்கு வரக்கூடிய அதிகபட்சக் கரண்ட் 1.28 ஆம்பியர். 1.1 உரசலுக்கே போய்விடுகிறது. விரல் வைத்தால் நிற்கும். அமெரிக்கப் பொறியாளர் வார்டு லெனார்டு 1891இல் ஜெனரேட்டர் வைத்து வோல்டேஜையே மாற்றித் தர வழி கண்டதற்குக் காரணம் இதுதான். இன்று அந்த ஜெனரேட்டரின் இடத்தில் மின்னணு சுவிட்சான ஒரு மாஸ்ஃபெட்டும், அது ஆஃபாக இருக்கும்போது மோட்டாரின் கரண்ட் சுற்றி வர வழிவிடும் ஒரு டயோடும் இருக்கின்றன.

இந்தச் சக்கரத்தில் ரியோஸ்டாட் எதுவும் கிடையாது. ஆர்டுயினோ நானோ என்ற சிறு நிரல் போர்டும் மாஸ்ஃபெட்டும் வைத்த பிடபிள்யூஎம் கண்ட்ரோலர், அதாவது சப்ளையை வேகவேகமாக ஆன் ஆஃப் செய்து, ஆன் நேரத்தின் பங்கை (இதுதான் டூட்டி) மாற்றி வேகத்தை மாற்றும் வகை. நடத்தை மட்டும் அச்சு அசல் ரியோஸ்டாட்.

490 ஹெர்ட்ஸ் செய்த வேலை

நானோவின் 9ஆம் பின்னில் எதுவும் மாற்றாமல் பிடபிள்யூஎம் எடுத்தால் அது 490 ஹெர்ட்ஸில் வரும். எல்இடிக்கு அது போதும். இந்த மோட்டாரின் இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம், 0.4 மில்லிஹென்றி. 490 ஹெர்ட்ஸில் ஒரு ஆன்-ஆஃப் சுற்று 2.04 மில்லிவினாடி, அவ்வளவு நேரம் கரண்டைத் தாங்கிப் பிடிக்க இந்த இண்டக்டன்ஸால் முடியாது. ஆன் நேரத்தில் கரண்ட் விர்ரென்று ஏறுகிறது, ஆஃப் நேரத்தில் பூஜ்யத்துக்கு விழுந்து அங்கேயே கிடக்கிறது. மறுபடி ஏறுகிறது.

பூஜ்யத்தில் கிடக்கும் அந்த இடைவெளிதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அந்த நேரத்தில் மோட்டார் முனையில் இருப்பது சப்ளையின் வோல்டேஜும் அல்ல, டயோடின் பூஜ்யமும் அல்ல. மோட்டாரின் சொந்த எதிர் வோல்டேஜ். ஆகவே டூட்டியை 24ஆல் பெருக்கினால் வருவது மோட்டாரின் வோல்டேஜ் என்ற கணக்கு இங்கே செல்லாது. 15 சதவீத டூட்டிக்குத் தட்டு சுமையில்லாமல் 40க்குக் கீழே ஓட வேண்டும்; கணக்குப் போட்டால் 150 பக்கத்தில் ஓடும் என்று வருகிறது. அதனால் ஓட்டுபவர் பெடலை இன்னும் தூக்குகிறார். 40 சுற்று கிடைக்கும்போது டூட்டி 6 சதவீதத்துக்கு வந்திருக்கும். இப்போது கை வைத்தால் என்ன ஆகும்? கரண்ட் தொடர்ந்து ஓடத் தொடங்கியதும் 6 சதவீதத்தின் உண்மையான மதிப்பு வெளியே வரும்: 1.44 வோல்ட். அதில் டயோடு பங்கு போனால் 0.8கூடத் தேறாது. 0.30 ஓமில் அது தள்ளக்கூடியது 2.6 ஆம்பியர். 7.8 கேட்கிற இடத்தில் 2.6 கிடைத்தால் தட்டு நிற்கத்தான் செய்யும்.

மின்னலையைப் படமாகக் காட்டும் ஸ்கோப் இருந்தால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே வைத்தால், ஆஃப் நேரத்தில் அலை முதலில் பூஜ்யத்துக்குக் கீழே போய், பிறகு ஒரு படி ஏறி 3 வோல்ட்டில் உட்காரும். அந்தப் படி தெரிந்தால் கரண்ட் அறுந்து ஓடுகிறது என்று பொருள். ஸ்கோப் இல்லாவிட்டால் காது போதும். அடிவேகத்தில் மோட்டார் ஒரே சுருதியில் ரீங்கரித்தால் அதிர்வெண் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது.

மருந்து எளிது. நானோவின் டைமர் 1ஐ 800 எண்ணிக்கையில் சுற்ற விட்டால் 16 மெகாஹெர்ட்ஸ் வகுத்தல் 800, அதாவது 20 கிலோஹெர்ட்ஸ். 15 சதவீத டூட்டியில் கரண்டின் ஏற்ற இறக்கம் 15 ஆம்பியரிலிருந்து 0.4க்குக் கீழே வந்துவிடும். ரீங்காரமும் போய்விடும். 40 சுற்றுக்கு வேண்டிய டூட்டி, டயோடு வீழ்ச்சியையும் சேர்த்து, 17.5 சதவீதம் என்று கணக்குக்கு ஒத்து வரும். கை வைத்தால் தட்டு நிற்காது. 16க்கு இறங்கி ஓடும். பாதி நோய் தீர்ந்தது.

அதிர்வெண்ணை ஏற்றியதும் புகையும் பாகங்கள்

நிரலில் ஒரு வரியை மாற்றி 20 கிலோஹெர்ட்ஸ் ஆக்கிவிட்டு அப்படியே விட்டால் சில நிமிடங்களில் மாஸ்ஃபெட் கொதிக்கும். மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்பி4110: 100 வோல்ட், ஆன் ரெசிஸ்டன்ஸ் அதிகபட்சம் 4.5 மில்லிஓம். இதன் கேட்டை, அதாவது சுவிட்சைத் திறந்து மூடும் காலை, நானோவின் பின்னோடு நேரடியாகக் கட்டுவதில் இரண்டு தப்பு உண்டு. கேட் திறக்கத் தொடங்குவதே 2 முதல் 4 வோல்ட்டில் என்பதால், 5 வோல்ட்டில் அது முழுக்கத் திறந்துவிடும் என்று நம்ப முடியாது. இரண்டாவது, கேட் ஒரு சிறு தொட்டி மாதிரி. அதில் வோல்டேஜ் புரளுகிற பகுதிக்கு மட்டும் 43 நானோகூலும் வேண்டும். பின் தரும் 20 மில்லிஆம்பியரில் அதை நிரப்ப 2 மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். நொடிக்கு 40 ஆயிரம் முறை அந்தப் பாதித் திறப்பு நிலையைக் கடக்க வேண்டும். 14 ஆம்பியரில் அதற்கே 14 வாட் வெப்பம். முழுக்கத் திறந்த நிலையில் வரும் வெப்பமோ ஒரு வாட் கூட இல்லை.

நடுவே டிசி4427 போன்ற 1.5 ஆம்பியர் கேட் டிரைவர் ஐசியை வைத்து, அதற்கு 7812 ரெகுலேட்டரிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் அந்த 14 வாட் ஒரு வாட்டுக்கும் கீழே வந்துவிடும். கேட் வரிசையில் 10 ஓம், டிரைவரின் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். பின்னது எதற்கு என்றால், நானோ விழித்தெழும் முதல் நொடியில் பின் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சக்கரம் தானாகக் கிளம்பக் கூடாது. 4427 திருப்பிப் போடாத வகை, 4426 திருப்பிப் போடும் வகை. கடையில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் பெடலைத் தொடாமலேயே தட்டு முழு வேகத்தில் பறக்கும். முதல் முறை பவர் கொடுக்கும்போது பெல்ட்டைக் கழற்றி வைப்பது இதற்காகவே.

மாஸ்ஃபெட்டை விட அதிகம் மாட்டிக்கொள்வது டயோடுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. 40 சுற்றில் முழுச் சுமைக்கு டூட்டி 26 சதவீதம். மீதி 74 சதவீத நேரமும் மோட்டாரின் 7.8 ஆம்பியர் டயோடு வழியாகத்தான் சுற்றுகிறது. சராசரி 5.8 ஆம்பியர், 4 வாட் வெப்பம். பக்கத்தில் மாஸ்ஃபெட் குளிர்ந்து உட்கார்ந்திருக்கும். பழைய போர்டில் இருந்தது 1என்4007: ஒரு ஆம்பியர் டயோடு, அதுவும் 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபயருக்குச் செய்தது. 20 கிலோஹெர்ட்ஸில் அதனால் நேரத்துக்கு மூடிக்கொள்ள முடியாது. அது அறுந்தால் மோட்டாரின் கரண்டுக்குப் போக வழியில்லாமல் வோல்டேஜ் எகிறி மாஸ்ஃபெட்டைக் குத்திவிடும். செத்துப்போன மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றி ஓட விட்டால் அடுத்ததும் உடனே போகும். இடத்துக்கு ஏற்றது எம்பிஆர்20100சிடி: ஷாட்கி (வேகமாக மூடும் வகை), 100 வோல்ட், இரு கால்களையும் இணைத்து 20 ஆம்பியர். மாஸ்ஃபெட்டோடு ஒரே ஹீட்சிங்க்கில் மைக்கா வைத்து மாட்டலாம்.

சப்ளை 24 வோல்ட் 15 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். அதன் வயர் ஒரு மீட்டர் நீளம் வருகிறது. மாஸ்ஃபெட், டயோடு இரண்டுக்கும் கையெட்டும் தூரத்தில், அதாவது 3 செ.மீ.க்குள், 2200 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் குறைந்த ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்) கெப்பாசிட்டர் இரண்டு இருக்க வேண்டும். இவற்றைச் சப்ளைப் பக்கம்தான் போட வேண்டும். அலையைச் சமனாக்குவதாக நினைத்து மோட்டார் முனையில் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் ஒவ்வொரு ஆனிலும் மாஸ்ஃபெட் அதை ஷார்ட் செய்து நிரப்ப வேண்டியிருக்கும். பிரஷ் இரைச்சலுக்கு மோட்டார் முனையில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று போதும்.

கரண்டைப் பார்த்து வோல்டேஜ் ஏற்றுவது

இப்போது மிச்சம் அந்த 24 சுற்று. அதைக் குறைக்கக் கண்ட்ரோலருக்குச் சுமை தெரிய வேண்டும். சுமை என்பது கரண்ட். கரண்ட் ஏறினால் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு விழுங்கும் என்று தெரியும். அதை முன்கூட்டியே வோல்டேஜில் கூட்டிக் கொடுத்துவிடலாம்.

கரண்டை எங்கே அளப்பது என்பதில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய. சப்ளை வயரில் ஆம்மீட்டர் வைத்தால் 40 சுற்று முழுச் சுமையில் 2 ஆம்பியர்தான் காட்டும். மோட்டாருக்குள் ஓடுவது 7.8. மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலில் ஷண்ட் (கரண்டை அளக்கும் சிறு ரெசிஸ்டன்ஸ்) வைத்தாலும் அதே கதை, ஆன் நேரத்துக் கரண்ட் மட்டும்தான் அதில் தெரியும். அளக்க வேண்டிய இடம் டயோடு இணைப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள வயர். ஏசிஎஸ்712 கரண்ட் சென்சாரின் 30 ஆம்பியர் வகை இங்கே சௌகரியம்: காந்தப்புலத்தால் அளப்பதால் மின்தொடர்பு இல்லை, பூஜ்யத்தில் 2.5 வோல்ட், ஒரு ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட். 7.8 ஆம்பியருக்கு 0.51 வோல்ட் நகரும். அந்தப் பூஜ்யம் 5 வோல்ட் சப்ளையோடு சேர்ந்து ஆடும் என்பதால், ஒவ்வொரு முறை பவர் வரும்போதும் மோட்டார் ஓடுவதற்கு முன் 64 தடவை படித்துப் பூஜ்யத்தைப் பதிந்துகொள்ள வேண்டும்.

மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் 0.30 என்றால் ஆம்பியருக்கு 0.30 வோல்ட் முழுசாகக் கூட்டக் கூடாது. முழுசாகக் கூட்டினால் கண்ட்ரோலர் தன் வாலையே துரத்தத் தொடங்கும்: வோல்டேஜ் ஏறக் கரண்ட் ஏறும், கரண்ட் ஏற வோல்டேஜ் ஏறும். தட்டு துள்ளித் துள்ளி ஓடும். அழுத்தினால் வேகம் கூடுகிற விசித்திரமும் நடக்கும். 80 சதவீதம், அதாவது ஆம்பியருக்கு 0.24 வோல்ட் போதும். அப்படிச் செய்தால் மிஞ்சும் ரெசிஸ்டன்ஸ் 0.06 ஓம், 40 சுற்று 35க்குத்தான் இறங்கும்.

இந்த 80 சதவீதத்தை எப்போது அமைப்பது என்பதும் முக்கியம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு பாகை வெப்பத்துக்கு 0.39 சதவீதம் ஏறும். ஆர்மேச்சர் 60 பாகை சூடானால் 0.30 என்பது 0.37 ஆகிவிடும். மதியச் சூட்டில் 0.37க்கு ஏற்றபடி இறுக்கமாக அமைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலை குளிர்ந்த மோட்டார் 0.30இல் இருக்கும், சக்கரம் நடுங்கும். சூடேறியதும் தானே சரியாகிவிடுவதால் ஆளைப் பார்த்ததும் குறை ஒளிந்துகொள்கிற ரகம் இது. குளிர்ந்த மோட்டாரில்தான் அமைக்க வேண்டும்.

காந்தமும் சூட்டில் மாறும். ஃபெரைட் காந்தம் ஒரு பாகைக்கு 0.2 சதவீதம் பலம் இழக்கிறது. 40 பாகை ஏறினால் 8 சதவீதம். சுமையில்லாத 40 சுற்று 43 ஆகும். கரண்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வேகத்தையே அளந்தால்தான் உண்டு.

வேகத்தை எங்கிருந்து எண்ணுவது

தட்டில் ஒரு காந்தம் ஒட்டி, அது கடப்பதை உணரும் ஹால் சென்சார் வைப்பதுதான் முதலில் தோன்றும். 40 சுற்றில் அது ஒன்றரை நொடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும். அதற்குள் தொட்டியின் வாய் கோணிவிடும். மோட்டார் தண்டின் பின்முனையில் எட்டுக் காந்தம் பதித்த வட்டு வைத்தால் நொடிக்கு 59 துடிப்பு, 17 மில்லிவினாடிக்கு ஒரு செய்தி. துளையிட்ட தகடும் ஒளி சென்சாரும் இன்னும் நுணுக்கமாக அளக்கும்தான். ஆனால் களிமண் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் துளை அடைபட நாளாகாது. ஹால் சென்சாருக்குச் சேறு ஒரு பொருட்டே இல்லை.

துடிப்பைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் எண்ணக் கூடாது. 100 மில்லிவினாடியில் 5 வரும், அல்லது 6 வரும். சீராக ஓடும் சக்கரத்தையே 17 சதவீதம் ஆடுவதாகக் கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். இரு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தை மைக்ரோவினாடியில் அளக்க வேண்டும். எட்டுக் காந்தமும் சம தூரத்தில் ஒட்டியிருக்காது என்பதால் கடைசி எட்டு இடைவெளிகளின் சராசரி.

வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும். கை அழுத்திய கணத்தில் கைகொடுப்பது கரண்ட் திருத்தம். அது சில மில்லிவினாடியில் நடந்துவிடும். மிஞ்சிய 5 சுற்றையும் வெப்பத்தால் வந்த விலகலையும் அரை நொடியில் மெதுவாகச் சரிசெய்வது வேகத் திருத்தம். இரண்டாவதற்கு ஒரு கடிவாளம் வேண்டும்: அது கூட்டவோ குறைக்கவோ கூடியது 1.5 வோல்ட்டுக்குள் மட்டும். சென்சார் வயர் அறுந்தால் கண்ட்ரோலருக்குச் சக்கரம் நின்றுவிட்டதாகத் தோன்றும். கடிவாளம் இல்லாவிட்டால் அது முழு வோல்டேஜைத் திறந்துவிடும். தட்டில் இருப்பது சுவரில் இருக்கும். கடிவாளம் இருந்தால் 18 சுற்று கூடுவதோடு சரி. தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும்போதும், கரண்ட் எல்லையைத் தொட்டிருக்கும்போதும், பெடல் பூஜ்யத்தில் இருக்கும்போதும் இந்தத் திருத்தம் சேர்ந்துகொண்டே போகாமல் உறைந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கையை விட்டதும் தட்டு ஒரு குதி குதிக்கும்.

கரண்டின் உச்ச எல்லை 20 ஆம்பியர். தட்டில் அது 14 நியூட்டன் மீட்டர் தரும். எந்தக் கைக்கும் போதும். எல்லை இல்லாமல் நின்ற மோட்டாருக்கு 24 வோல்ட் போனால் 80 ஆம்பியர். அது பிரஷ்ஷையும் காந்தத்தையும் சேர்த்துக் கெடுக்கும். 20 ஆம்பியரில் நின்றாலும் ஆர்மேச்சரில் 120 வாட் வெப்பம் என்பதால், 14 ஆம்பியருக்கு மேல் 10 நொடி நீடித்தால் நிறுத்திவிட வேண்டும்.

வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரையே பிரேக்காக்கிச் சட்டென்று நிறுத்தலாமே என்ற ஆசை வரும். டயோடு இருக்கும் இடத்தில் இன்னொரு மாஸ்ஃபெட் போட்டால் முடியும். 220இல் ஓடும் தட்டில் 32 ஜூல் ஆற்றல் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. பாதி வெப்பமாகப் போய் மீதி அந்த இரண்டு கெப்பாசிட்டரில் ஏறினாலும் 88 வோல்ட். அவை 50 வோல்ட்டுக்கு உரியவை. பிரேக் ரெசிஸ்டர் வைக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சக்கரம் மெல்ல ஓய்ந்து நிற்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

பெடல்

இந்த இயந்திரத்தில் அதிகம் அடிபடும் பாகம் பெடலும் அதன் மூன்று வயரும். 5 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நேராகக் கட்டியிருந்தார்கள். கிரவுண்டு வயர் அறுந்தால் நடு வயரில் 5 வோல்ட் நிற்கும், அதாவது முழு வேகம். இரு பக்கமும் 560 ஓம் சேர்த்தால் நல்ல பெடலின் எல்லை 0.46 முதல் 4.54 வோல்ட், நடு வயரிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம். 0.3க்குக் கீழேயோ 4.7க்கு மேலேயோ போனால் வயர் அறுந்ததாகக் கொண்டு நிறுத்த வேண்டும். மூன்றில் எந்த வயர் அறுந்தாலும் இந்த வலையில் விழும். கரண்ட் போய் வரும்போது பெடல் மிதித்தபடி இருந்தால் தட்டு கிளம்பக் கூடாது. ஒருமுறை பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஓட வேண்டும். பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஏற 1.5 நொடி.

180 வோல்ட் ட்ரெட்மில் மோட்டாரை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். வலு அதிகம், கரண்ட் குறைவு, இரண்டும் உண்மை. ஆனால் அதோடு வரும் மலிவான தைரிஸ்டர் போர்டுகளில் வேகத்துக்கான பொட்டென்ஷியோமீட்டரே 230 வோல்ட் லைனோடு தொட்டுக்கொண்டிருக்கும், நடுவே தடுப்பு கிடையாது. ஈரக் கை, ஈரக் கால், தரையில் தண்ணீர். இங்கே 24 வோல்ட்டுக்கு மேல் எதுவும் பெடல் பக்கம் வரக் கூடாது. எஸ்எம்பிஎஸ் உடலும் சக்கரத்தின் இரும்புச் சட்டமும் எர்த் செய்யப்பட்டு, லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவுக் கரண்டைக் கண்டால் இணைப்பை அறுக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும்.

சோதனை

மண் இல்லாமலேயே சோதிக்கலாம். 30 செ.மீ. தட்டின் விளிம்பில் பருத்திப் பட்டை ஒன்றைச் சுற்றி, இரு முனையிலும் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒவ்வொன்று மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு தராசுக்கும் வித்தியாசம் 3.4 கிலோ காட்டும்போது தட்டில் 5 நியூட்டன் மீட்டர். பட்டை சூடாகும் என்பதால் 220இல் சில நொடிக்கு மேல் இழுக்க வேண்டாம். 40 சுற்றில் இழுத்ததும் வேகம் 35 பக்கம் தொட்டு அரை நொடியில் 40க்கு மீள வேண்டும். மீளும்போது தாண்டிப் போய் ஆடினால் கரண்ட் திருத்தத்தை 0.24லிருந்து 0.20க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். ஆடாமல், ஆனால் மீள ஒரு நொடிக்கு மேல் எடுத்தால் வேகத் திருத்தத்தின் கூட்டு வீதத்தை ஏற்ற வேண்டும். பிறகு பட்டையைச் சட்டென்று விட வேண்டும். தட்டு 45ஐத் தாண்டிக் குதிக்கக் கூடாது. இதே சோதனையை அரை மணி நேரம் ஓட்டி மோட்டார் சூடான பிறகு இன்னொரு முறை.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போது ஹால் சென்சார் வயரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அடுத்து பெடலின் மூன்று வயரையும் ஒவ்வொன்றாக. தட்டு காலியாக இருக்கட்டும்.

பிரஷ் மாற்றினாலோ மோட்டார் மாற்றினாலோ 0.30, 7.5 இரண்டையும் மறுபடி அளந்து எண்ணைத் திருத்த வேண்டும். மேலே அதே எம்ஒய்1016 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி அதேதான் என்று சொல்ல முடியாது, 0.22 ஓம் உள்ள மோட்டாருக்கு ஆம்பியருக்கு 0.24 வோல்ட் கூட்டினால் சக்கரம் முதல் மிதியிலேயே துள்ளத் தொடங்கும்.